அந்த 'டிக்' எதுக்கு?

எதுக்குக்காரர் என்று ஓர் இனம் உண்டு. ஒரு சாமானைக் கையில் கொடுத்தால் நாமெல்லாம் அதன் முகத்தைப் பார்ப்போம், பளபளப்பைத் தடவுவோம், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கீழே வைப்போம். எதுக்குக்காரர் அதைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். அங்கே ஒரு திருகாணி இருக்கும். யார் வம்புக்கும் போகாமல், வைத்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு காலம் தள்ளுகிற திருகாணி. அதன் தலையில் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டி, "இது எதுக்கு?" என்பார். அதோடு அதன் பிழைப்பு போயிற்று.

இவர்களைத் திருடர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். திருடன் தனக்கு வேண்டியதை எடுப்பான். எதுக்குக்காரர் யாருக்கும் வேண்டாததை எடுப்பார். யாருக்கும் வேண்டாம் என்று முடிவு செய்கிறவரும் அவரேதான். திருடனுக்காவது போலீஸ் பயம் உண்டு. இவருக்கு அந்தப் பயமும் கிடையாது, ஏனென்றால் நியாயம் எப்போதும் இவர் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். "இது இல்லேன்னா என்ன ஆகும், சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? உங்கள் வீட்டு ஸ்டூலின் நாலாவது கால் எதற்கு என்று என்றைக்காவது யோசித்து வைத்திருக்கிறீர்களா? நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் ஸ்பானர் வந்துவிடும்.

நம் கதாநாயகர் இந்த இனத்தில் பழுத்த பழம். ஆபரேஷன் அறையில் டாக்டர்கள் கையில் பிடிக்கும் கருவிகளைச் செய்கிற ஒரு கம்பெனியில் வடிவமைப்பு என்ஜினியர். ஆபீசில் அவரை எல்லாரும் 'எதுக்கு சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால், அப்புறம் முகத்துக்கு நேரே, கடைசியில் மேனேஜரே மைக்கில். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பெற்றோர் வைத்த பெயர் கொஞ்சம் நீளம் என்று அவருக்கே மனத்தாங்கல் இருந்தது. சட்டைப் பையில் ஒரு தட்டையான தகர டப்பி வைத்திருப்பார். கழற்றிய சாமான்களில் பிடித்தமானவை எல்லாம் அதற்குள் இருக்கும்: ஒரு குட்டி ஸ்பிரிங், இரண்டு வளையம், வழுக்கைத் திருகாணி ஒன்று. அவர் நடந்தால் அது கிலுகிலுக்கும். அந்தச் சத்தம் தாழ்வாரத்தில் கேட்டதுமே அவரவர் மேஜையில் இருக்கிற சாமானை அவரவர் இழுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள்.

ஆபீசோடு நின்றிருந்தால் உலகம் பிழைத்திருக்கும். வீட்டுக்கும் வந்தது. அலமாரிக் கதவில் கைப்பிடி எதுக்கு, ஓரத்தில் விரல் விட்டு இழுத்தால் திறக்காதா என்று அதைக் கழற்றினார். அன்றிலிருந்து அந்தக் குடும்பம் கரண்டிக் காம்பால் அலமாரியைத் திறக்கிறது. மேடுபள்ளத் தரையிலும் ஆடாமல் நிற்பது மூன்று கால்தான், வேண்டுமானால் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன் என்று ஸ்டூலின் ஒரு காலைக் கழற்றி, மிச்ச மூன்றையும் தள்ளிப் பொருத்தினார். ஸ்டூல் ஆடவில்லை. ஊரிலிருந்து வந்த மச்சினன்தான் ஆடினார். ஆடிய வேகத்தில் விழவும் விழுந்தார். "ஸ்டூல் மேல தப்பு இல்ல. மச்சான் உட்கார்ந்த கோணம் தப்பு" என்று அவரைத் தூக்கிவிடுவதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் சமையலறைக்கு ஓடிப்போய் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். "அம்மா, அப்பா ரொம்ப நேரமா என்னையே பார்த்துட்டு யோசிக்கிறாரு. எனக்குப் பயமா இருக்கு."

இந்த இடத்தில் சம்பந்தமில்லாமல் ஒரு சின்ன விஷயம். காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது எல்லாரும் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போவோம் இல்லையா? நம்மவரும் கல்யாணமான புதிதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பிறகு ஒருநாள் அதையும் கவிழ்த்துப் பார்த்தார். தினமும்தான் போகிறேன், தினமும்தான் வருகிறேன், இதில் சொல்ல என்ன இருக்கிறது? கழற்றிவிட்டார். அதன்பின் செருப்பை மாட்டுவார், நடப்பார். அவர் மனைவி வாசற்படியில் தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அப்புறம் கதவைச் சாத்துவாள். காற்று வாங்குகிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

சரி, கதைக்கு வருவோம். குடலில் கெட்டுப்போன ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டினால் வெட்டிய வாய் திறந்துகொள்ளும். அதை ஊசி நூலால் தைத்துக்கொண்டிருக்காமல், ஒரே அழுத்தில் தைத்து வெட்டுவதற்கு ஒரு கருவி இருக்கிறது. அறுவை ஸ்டேப்ளர் என்பார்கள். நம் மேஜை மேல் காகிதம் தைக்கிற ஸ்டேப்ளருக்கு அது சித்தப்பா பிள்ளை, நன்றாகப் படித்து முன்னுக்கு வந்த பிள்ளை. இரண்டு தாடை இருக்கும். முதல் அழுத்தில் தாடைகள் குடலைக் கவ்வி மூடும். இரண்டாவது அழுத்தில் பொடிப்பொடிக் கம்பிகள் வரிசையாகக் குத்தி மடங்க, நடுவே ஒரு கத்தி ஓடி வெட்டும். தாடை முழுக்க மூடுவதற்கு முன் இரண்டாவது அழுத்து அழுத்தினால் கம்பி சரியாக மடங்காது. தைத்த இடம் ஒழுகும். குடல் ஒழுகினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கம்பெனியின் பழைய ஸ்டேப்ளர் எருமைக் கனம். உள்ளே பல்சக்கரம், நெம்புகோல், நெம்புகோலுக்கு ஒரு துணை நெம்புகோல் என்று ஒரு கூட்டுக் குடும்பமே குடியிருந்தது. கம்பெனி எந்தக் கருவி செய்தாலும் முதலில் பிடித்துப் பார்க்கிறவர் ஒரு லேடி டாக்டர். குடல் ஆபரேஷனில் பேர் வாங்கியவர் என்பதால் 'குடல் டாக்டர்' என்றே பெயர். அந்தப் பழைய ஸ்டேப்ளரை அழுத்த அவருக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. அழுத்தி முடித்துவிட்டு மணிக்கட்டை உதறிக்கொண்டே, "இதைச் செய்யறவங்க எல்லாம் பயில்வானா? எனக்குக் கை இவ்வளவுதான் இருக்கு" என்று தம் சின்ன உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அந்த உள்ளங்கை எதுக்கு சாரின் மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்தக் கைக்குள் அடங்கும்படி ஒரு ஸ்டேப்ளர் செய்யாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினார். எதுக்குக்காரரிடம் இதயம் இருக்கிறது, வாசகரே. அது எதுக்கு என்று அவர் இன்னும் கேட்கவில்லை.

ஆனால் போட்டிக்கு ஆள் இருந்தது. பக்கத்து அறையில் இருக்கிற பெண் என்ஜினியர் இதற்கு நேர்எதிர் இனம். 'எதுக்கும் இருக்கட்டும்' என்பது அவருடைய மூச்சு. கையில் ஒரு மூட்டை போன்ற பை, அதற்குள் இரண்டு டார்ச், மூன்று பூட்டுச் சாவி, வெயில் மழை எதுவும் எட்டாத ஆபீஸ் அறைக்குள்ளும் ஒரு குடை. 'இருக்கட்டும் மேடம்' என்று பெயர். அவரும் ஒரு புது ஸ்டேப்ளர் வரைந்தார். ஒரு பூட்டு, பூட்டு கெட்டால் இன்னொரு பூட்டு, ஸ்பிரிங் உடைந்தால் உதவிக்கு ஒரு ஸ்பிரிங், உள்ளே இருட்டாக இருந்தால் பார்க்க விளக்கு. மாதிரி செய்து மேஜை மேல் வைத்தபோது மேஜை முனகியது.

மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். "முதல்ல எதுக்கு சாரோடதை டாக்டர் பார்க்கட்டும். அவங்க தலையாட்டினா அதையே செய்வோம். இல்லேன்னா வேலை மேடம் கைக்குப் போயிடும். அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது."

எதுக்கு சார் தம் அறைக்கு ஓடினார். வேலை போவது கூடப் பரவாயில்லை. அந்தச் சின்னக் கையில் இந்த அம்மாளின் விளக்கு வைத்த எருமையா? பழைய ஸ்டேப்ளரைப் பிரித்து, வெள்ளைத் துணியில் உறுப்பு உறுப்பாகப் பரப்பி வைத்து, வேலை கேட்டு வந்தவர்களை விசாரிப்பது போல ஒவ்வொன்றாக விசாரித்தார். உன் வேலை என்ன? நெம்புகோலைத் தள்ளுவேன். நெம்புகோலே தன்னைத் தள்ளிக்கொள்ளாதா? போ. நீ? நான் அவருக்குத் துணை. அவரே போகிறார், துணை எதுக்கு? நீயும் போ. இரண்டு ஆணி செய்த வேலையை ஒரு ஆணியிடம் கொடுத்தார். நான்கு திருகாணி பிடித்த மூடியைத் தானே கவ்விக்கொள்ளும் மூடியாக்கினார். உண்மையைச் சொல்ல வேண்டும்: அத்தனையும் பிரமாதமான வேலை. ஒவ்வொரு சாமான் போகும்போதும் கருவி இளைத்துக்கொண்டே வந்தது. அவருக்குத் தலை கிறுகிறுத்தது. துணியைச் சுற்றி ஒரு சின்ன ஆட்டம் ஆடினார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

கடைசியில் ஒரு தகடு மிஞ்சியது. நகக்கண் அகலம்தான். அது எதையும் தள்ளவில்லை, எதையும் தாங்கவில்லை, எதையும் பூட்டவில்லை. தாடை முழுக்க மூடியதும் ஒரு பல்லிலிருந்து வழுக்கி 'டிக்' என்று சொல்லும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

"பேசறதுக்குன்னு ஒரு ஆளா?" என்று எதுக்கு சார் வாய்விட்டுச் சிரித்தார். தாடை மூடிவிட்டதா என்று பார்க்கப் பக்கவாட்டில் அழகாக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதே. கண் இருக்கும்போது காது எதுக்கு? தகடு டப்பிக்குள் போயிற்று.

சோதனை நாள் வந்தது. ஒரு நீள மேஜை. அதன் மேல் ரப்பரில் செய்த செயற்கைக் குடல், ஒழுகினால் தெரிய வேண்டும் என்று உள்ளே நீல நிறத் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையும் இறுக்கிக் கட்டியது. ஒரு பக்கம் வெள்ளைச் சட்டையில் மேனேஜர். இன்னொரு பக்கம் மூட்டையோடு இருக்கட்டும் மேடம். நடுவில் குடல் டாக்டர். எதுக்கு சார் கருவியை எடுத்து அந்தச் சின்ன உள்ளங்கையில் வைத்தார். அது அங்கேயே பிறந்து வளர்ந்தது போலப் போய் உட்கார்ந்தது.

"அட" என்றார் டாக்டர். ஒரு கையால் தூக்கினார், திருப்பினார், விரலை ஓட்டினார். "இது கை வலிக்காது போலிருக்கே."

எதுக்கு சாருக்குக் காலுக்குக் கீழே தரை இல்லை. மேனேஜர் புன்னகைத்தார். மேடம் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் ரப்பர்க் குடலைத் தாடைக்கு நடுவே விட்டார், கண்ணைக் குடலின் மேல் வைத்தார், முதல் அழுத்து அழுத்தினார். அழுத்தியவர் அப்படியே நின்றார். எல்லாரும் நின்றார்கள். அவர் இரண்டாவது அழுத்து அழுத்தவில்லை. தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எதற்கோ காத்திருந்தார். இந்தத் தலைச் சாய்ப்பை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று எதுக்கு சாருக்கு ஒரு நினைப்பு ஓடியது; எங்கே என்று பிடிபடவில்லை.

"மூடியாச்சு டாக்டர்" என்றார் மெதுவாக.

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன்."

"ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் நீங்க பக்கத்துல வந்து நின்னு சொல்லுவீங்களா?"

"இல்ல டாக்டர், பக்கத்துல ஒரு சிவப்புக் கோடு இருக்கு. அதைப் பார்த்தா போதும்."

"என் கண்ணு குடல் மேல இருக்கு. அதை எடுத்து உங்க கோட்டு மேல வெச்சா, குடலை யார் பார்க்கிறது?" டாக்டர் தாடையைத் திறந்துவிட்டு மறுபடி கவ்வவிட்டார். மறுபடி நின்றார். "எத்தனையோ வருஷமா கை அழுத்தும், காது கேட்கும், அப்புறம்தான் கை அடுத்த அழுத்துக்குப் போகும். இது ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது. கை போக மாட்டேங்குது."

மேனேஜரின் புன்னகை கழன்றுகொண்டிருந்தது. அவர் முகம் மெல்ல மேடத்தின் பக்கம் திரும்புவதை எதுக்கு சார் பார்த்தார். விளக்கு வைத்த எருமை கண் முன்னால் வந்து நின்றது. அந்தப் பதற்றத்தில் ஒரு மனிதன் என்ன செய்வான்? நீங்களும் நானும் மன்னிப்புக் கேட்டிருப்போம். எதுக்கு சார், டாக்டர் மூன்றாவது முறை அழுத்தத் தொடங்கிய நேரம் பார்த்து, நாக்கை மேலண்ணத்தில் வைத்து 'டிக்' என்றார்.

நல்ல தெளிவான டிக். அசலை விட ஒரு படி மேல். ஆனால் அரை நொடி முந்திவிட்டது. தாடை இன்னும் முழுக்க மூடவில்லை. டாக்டருடைய கையோ பழகிய கை, காதில் டிக் விழுந்ததும் யோசிக்காமல் இரண்டாவது அழுத்தை அழுத்திவிட்டது. கம்பிகள் மடங்காமல் நின்றன, கத்தி ஓடியது, குடல் வாயைத் திறந்தது. நீலத் தண்ணீர் பீச்சாங்குழல் மாதிரிக் கிளம்பி மேனேஜரின் சட்டையில் தோளிலிருந்து இடுப்புவரை ஒரு கோடு போட்டது. அப்படியே எதுக்கு சாரின் மூக்குக் கண்ணாடியையும் குளிப்பாட்டியது. பட்டென்று ஒரு சத்தம். இருக்கட்டும் மேடம் குடையை விரித்துவிட்டார். அதன் பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. "எதுக்கும் இருக்கட்டும்னுதான் எடுத்துட்டு வந்தேன்."

நீலம் சொட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் எதுக்கு சாருக்கு அது பிடிபட்டது. அந்தத் தலைச் சாய்ப்பு. வாசற்படி. அவள் காற்று வாங்கவில்லை. அவர் என்றோ கழற்றிவிட்ட ஒரு 'டிக்'குக்காக இத்தனை வருஷமாக அவளும் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். அத்தனை பேர் நடுவில், முகமெல்லாம் நீலமாக நிற்பதை விட அதுதான் அவருக்குப் பெரிய வெட்கமாக இருந்தது.

சட்டைப் பையிலிருந்து டப்பியை எடுத்தார். அந்தத் தகட்டைத் தேடி எடுத்தார். அதைக் கடைசியாகத்தான் கழற்றினார் என்பதால் மாதிரிக் கருவியின் கூட்டை மாற்றி வார்க்க நேரம் இருக்கவில்லை. தகடு உட்காரும் பள்ளம் உள்ளே அப்படியேதான் இருந்தது. மூடியைத் திறந்து, தகட்டை வைத்து, புதுக் கம்பி போட்டு, புது ரப்பர்க் குடல் கொண்டுவரச் சொன்னார்.

டாக்டர் அழுத்தினார். டிக்.

கை தானே அடுத்த அழுத்துக்குப் போனது. தைத்தது, வெட்டியது. இரண்டு பக்கத்துக் குடலையும் மேனேஜர், இனி எந்தச் சட்டை போனால் என்ன என்ற துணிச்சலில், பிசைந்து பார்த்தார். ஒரு சொட்டு வரவில்லை.

"மத்ததெல்லாம் நல்லா எடுத்தீங்க" என்றார் டாக்டர், கருவியைக் கீழே வைக்க மனமில்லாமல். "இதையே செய்ங்க. இது ஒண்ணு மட்டும் இருக்கட்டும்."

"கேட்டீங்களா, 'இருக்கட்டும்'னாங்க" என்றது குடை.

மறுநாள் காலை எதுக்கு சார் செருப்பை மாட்டினார். இரண்டடி நடந்தார், திரும்பினார். மனைவி வாசற்படியில் வழக்கம்போல நின்றிருந்தாள்.

"போயிட்டு வரேன்."

அவள் நேரே வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்ல. நீ தினமும் இங்க காத்து வாங்கறேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"நீங்க பாட்டுக்கு நடந்தா, போயிட்டீங்களா, எதையாவது மறந்துட்டுத் திரும்பி வர்றீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரியாம கதவைச் சாத்த மனசு வரல. அதான் நிப்பேன்."

"தப்புதான்" என்றார் எதுக்கு சார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே மகள் கரண்டிக் காம்பால் அலமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

கதையை இங்கே முடித்துவிட்டால் நன்றாக இருக்கும். ஆனால் இனம் இனம்தான். தெருமுனை வரை போனவர் நின்றார், யோசித்தார், கிலுகிலுவென்று வேகமாகத் திரும்பி வந்தார். முகத்தில் அந்தப் பழைய ஒளி.

"ஏம்மா, 'வரேன்'னு சொன்னாலே போகப்போறேன்னு தெரிஞ்சுடுதே. அப்போ அந்த 'போயிட்டு' எதுக்கு?"

அவள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் 'டிக்' என்றது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நடுவில் ஓரிடத்தில், சம்பந்தமில்லாமல் ஒரு சின்ன விஷயம் என்று ஒரு வாசற்படியைப் பற்றிச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? ஸ்டேப்ளர் கதையில் வாசற்படி எதுக்கு என்று அப்போது உங்களுக்குள் ஒரு நகம் தட்டியதா? அதைத் தாண்டிக் குதித்து "சரி, கதைக்கு வருவோம்" என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கப்போவதில்லை. எழுந்து இரண்டடி நடந்து பாருங்கள், போதும். சட்டைப் பையில் ஏதாவது கிலுகிலுத்தால், இன்று காலை வீட்டிலிருந்து என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

நான் வரேன்.